உத்தியோகமும் மதமும்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழாவில் பேச வருவோர்க்கு இலக்கியத்தையோ இசையையோ பொருளாகத் தருவதே நம் சங்கத்தின் வழக்கம். எனக்கு மட்டும் செயற்குழுவினர் சற்றுக் கரடுமுரடான பொருளைத் தந்துவிட்டனர். ஒருவரை வேலைக்கு அமர்த்தும்போது அவர் எம்மதத்தவர் என்று பார்க்க முதலாளிக்கு உரிமை உண்டா என்பது கேள்வி. தொழிற்சாலை அலுவலகங்களில் ஆள் எடுக்கும் பிரிவிலேயே முப்பது ஆண்டுகளுக்கு மேல் காலம் கழித்தவன் நான். அதனால்தான் இது என் பங்குக்கு வந்தது போலும். கம்பனைப் பற்றிப் பேசும் பேறு எனக்கு அடுத்து வந்து பேசும் புலவர்க்கு. நீங்கள் பொறுத்தருள வேண்டும்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை அகற்றிவிட வேண்டும். மதத்தைக் காரணமாகக் காட்டி வேலை மறுப்பதை நம் அரசியல் சட்டம் தடுத்துவிட்டது என்றே நம்மில் பெரும்பாலோர் நம்புகிறோம். அது பாதி உண்மைதான். அரசியல் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, மதம், இனம், சாதி, பால், குலம், பிறப்பிடம், வசிப்பிடம் என்பவற்றை மட்டுமே காரணமாகக் கொண்டு எந்தக் குடிமகனையும் அரசாங்க உத்தியோகத்திற்குத் தகுதியற்றவன் என்று ஒதுக்கலாகாது என்கிறது. ஆனால் அது அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்தும். தனியார் ஆலை, தனியார் கடை, தனியார் கம்பெனி ஆகியவற்றை அது நேரே தொடுவதில்லை.

பால் வேறுபாட்டால் ஆள் எடுப்பதில் ஓரவஞ்சனை கூடாது என்று 1976-இல் சட்டம் வந்தது. அது இப்போது ஊதியம் பற்றிய தொகுப்புச் சட்டத்துள் அடங்கிவிட்டது. உடற்குறை உடையோர்க்காக 2016-இலும், எச்.ஐ.வி. கண்டோர்க்காக 2017-இலும், திருநங்கையர் முதலியோர்க்காக 2019-இலும் சட்டங்கள் எழுந்தன. இவை தனியார் நிறுவனங்களையும் எட்டுகின்றன. மதத்திற்கோ சாதிக்கோ இவ்வாறு தனியார் முதலாளியைக் கட்டும் பொதுச் சட்டம் ஏதும் இந்நாட்டில் இதுவரை இல்லை. இத்தனைக்கும், வேலையில் மத வேறுபாடு உள்ளிட்ட பாகுபாடுகளை ஒழிக்க உறுதி கூறும் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் 111-ஆம் உடன்படிக்கையை இந்தியா 1960-ஆம் ஆண்டிலேயே ஏற்றுக் கையொப்பமிட்டிருக்கிறது.

இதனால் விளையும் விந்தையைப் பாருங்கள். 15-ஆம் பிரிவின்படி, சிற்றுண்டிச் சாலைக்கு உண்ண வருபவனை மதத்தைச் சொல்லி வாயிலில் நிறுத்த முடியாது. அதே சாலையில் பரிமாறும் வேலை கேட்டு வருபவனை மதத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பினால், அவன் எந்தச் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கே போவது என்று வக்கீல்களுக்கே விளங்குவதில்லை. விருந்தினனுக்கு உள்ள காப்பு வேலைக்காரனுக்கு இல்லை!

இது வெறுங் கற்பனை அன்று. 2015-ஆம் ஆண்டு இந்த நகரத்திலேயே, வைர ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்திற்கு விண்ணப்பித்த பட்டதாரி இளைஞர் ஒருவர்க்குச் சில நிமிடங்களில் மறுமொழி வந்தது: முஸ்லிம் அல்லாதாரை மட்டுமே தாங்கள் எடுப்பதாக. எழுதியவர் அனுபவமற்ற பயிற்சியாளர் என்று நிறுவனம் பின்னர் விளக்கம் கூறியது. போலீஸில் வழக்கும் பதிவாயிற்று. ஆயினும் அது மக்களிடையே பகை வளர்ப்பது பற்றிய குற்றப் பிரிவின் கீழ்ப் பதிவான வழக்கு. வேலை மறுத்தமைக்கான பிரிவு என்று ஒன்று இருந்தாலல்லவா அதன்கீழ்ப் பதிவதற்கு! அந்தப் பயிற்சியாளர் செய்த பிழையெல்லாம் பிறர் மனத்தில் வைத்திருப்பதை எழுத்தில் வைத்ததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. எழுதாமல் இருப்போர் எத்தனை பேர்?

அதை அளந்து பார்த்தவர்களும் உளர். பொருளியல் அறிஞர் சுகதேவ் தோரட்டும் அமெரிக்கச் சமூகவியலார் பால் அட்டெவெல்லும் 2005-ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கி 66 வாரங்கள் ஒரு சோதனை நடத்தினர். ஆங்கிலப் பத்திரிகைகளில் வந்த 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பினர். கல்வித் தகுதி ஒன்றே. வேறுபட்டது பெயர் மட்டுமே. உயர்சாதி இந்துப் பெயர், தலித் பெயர், முஸ்லிம் பெயர். விண்ணப்பத்தில் மதம் என்றோ சாதி என்றோ ஒரு சொல்லும் இல்லை. முடிவு 2007-இல் வெளியாயிற்று. உயர்சாதிப் பெயருடையார்க்கு அழைப்பு வரும் வாய்ப்பை ஒன்று என்று கொண்டால், தலித் பெயருடையார்க்கு அது 0.67, முஸ்லிம் பெயருடையார்க்கு 0.33. அதாவது மூன்றில் ஒன்று. நேர்முகத்திற்கு வந்து, முகம் கண்டு, பேச்சுக் கேட்டு ஒதுக்கப்பட்டவர் அல்லர் இவர்கள். கடிதம் பிரிக்கும் மேசையிலேயே கதை முடிந்துவிட்டது.

நான் பணியாற்றிய ஒரு நிறுவனத்தில், விண்ணப்பப் படிவத்தின் முதற்பக்கத்தில், தந்தை பெயருக்கு அடுத்தாற்போல் மதம் என்று ஒரு பத்தி இருந்தது. ஏன் என்று மேலாளரைக் கேட்டேன். பண்டிகை விடுமுறைக் கணக்கிற்காக என்றார். நியாயமான விடைதான், ரம்ஜானுக்கும் கிறிஸ்துமஸுக்கும் தீபாவளிக்கும் யார் யார் விடுப்புக் கேட்பர் என்று தொழிற்சாலைக்குத் தெரிய வேண்டாமா? ஆனால் வேலை கிடைக்காதவனுக்கு விடுமுறை ஏது? அந்தப் பத்தியை வேலை உத்தரவு கொடுத்த பிறகு நிரப்பச் சொன்னால் போதாதா? பல மாதங்கள் கழித்துப் படிவம் மாற்றி அச்சிடப்பட்டது. என் வாதத்திற்காக அன்று, பழைய கட்டுத் தீர்ந்து போனதற்காக. எது எப்படியாயினும், கேட்க வேண்டிய கேள்வியையும் கேட்கும் காலத்தையும் பிரித்துப் பார்த்தால் பாதித் தொல்லை தீரும் என்பதை அன்று கண்டேன்.

முதலாளிமார் பக்கத்து நியாயங்களையும் நாம் கேட்டாக வேண்டும். அவர்களை நான் அரக்கர்களாகக் கருதவில்லை. பலரோடு பல்லாண்டு பழகியவன். அவர்கள் கூறுவனவற்றுள் முதலாவது, என் பணம், என் கடை, என் விருப்பம் என்பது. இது பார்வைக்கு வலியது, ஆனால் நிலைநில்லாதது. தொழில் செய்யும் உரிமை 19-ஆம் பிரிவில் உண்டு. அதற்கு நியாயமான வரம்பு விதிக்கும் அதிகாரமும் அங்கேயே உண்டு. வேலை நேரம், குறைந்த கூலி, மகப்பேற்று விடுப்பு எல்லாம் அவர் பணத்தின்மீது சட்டம் வைத்த வரம்புகள்தாமே? பெண் என்பதற்காக ஒதுக்கக் கூடாது என்று சட்டம் சொல்லலாம், மதத்திற்காக ஒதுக்கக் கூடாது என்று சொல்லலாகாது என்பதற்கு என்ன நியாயம்?

இரண்டாவது, நானாக இருந்தால் எடுத்துக்கொள்வேன், மற்றத் தொழிலாளர் ஒப்பமாட்டார்கள் என்பது. இதுவே நடைமுறையில் மிகப் பெரிது. இதற்கு இந்நகரத்தின் வரலாற்றிலேயே ஒரு பாடம் இருக்கிறது. அதைச் சற்று விரித்துரைக்க விரும்புகிறேன்.

பரேல், லால்பாக் பகுதிகளில் பஞ்சாலைப் புகைபோக்கிகள் நிறைந்திருந்த காலம். ஆலையின் பல பிரிவுகளில் தலித் தொழிலாளர் இருந்தனர். கூலி மிகுந்த நெசவுப் பிரிவில் மட்டும் அவர்க்கு இடமில்லை. காரணம் யாது? தறியின் நாடாவில் தார் தீர்ந்து புதுத் தார் இடும்போது, நூலின் முனையை வாயால் உறிஞ்சித் துளை வழியே இழுப்பது அக்கால வழக்கம். தலித் ஒருவர் வாய்பட்ட நூலைத் தாம் தொடமாட்டோம் என்று சாதி இந்து நெசவாளர் கூறினர். முதலாளி விதித்த விதி அன்று அது. எந்த ஆலையின் சட்டப் புத்தகத்திலும் அது எழுதப்பட்டிருக்கவில்லை. ஆள் எடுக்கும் அதிகாரம் ஜாபர் என்னும் மேஸ்திரியின் கையில் இருந்தது. மேஸ்திரி தன் ஊரான், தன் உறவினன், தன் கூட்டத்தான் என்று சேர்ப்பான். பிரிவுக்கு ஒரு கூட்டம் என்று ஆலை தானே பங்கிட்டுக்கொண்டது. 1928-ஆம் ஆண்டின் பெரிய வேலைநிறுத்தத்தின்போது டாக்டர் அம்பேத்கர் இதை எழுப்பி, நெசவுப் பிரிவை எல்லார்க்கும் திறந்துவிடும் கோரிக்கையையும் சேர்க்காவிடில் தம் மக்கள் ஏன் பட்டினி கிடக்க வேண்டும் என்று கேட்டார். தொழிற்சங்கத் தலைவர்கள் தயக்கத்தோடுதான் அதற்கு இசைந்தனர். தொழிலாளர் நிலை ஆராய்ந்த விட்லி கமிஷன் 1931-இல் தந்த அறிக்கையில், ஆள் எடுப்பதும் நீக்குவதும் மேஸ்திரி கையில் இருக்கலாகாது என்றது.

இக்கதை சாதியைப் பற்றியது, மதத்தைப் பற்றியதன்றே என்று ஒருவர் கேட்கலாம். நம் நாட்டில் இரண்டும் ஒரே கதவின் இரு தாழ்கள். உடன் வேலை செய்வோர் ஒப்பமாட்டார் என்னும் அதே வாசகத்தை, இன்று அடுக்குமாடி வீடுகளில் சமையலுக்கும் பாத்திரம் துலக்குவதற்கும் ஆள் தேடுவோர் சொல்லக் கேட்கிறோம். முஸ்லிம் பெண்கள் இந்துப் பெயர் சூட்டிக்கொண்டு வீட்டு வேலைக்குப் போகும் செய்தி பத்திரிகைகளில் பலமுறை வந்ததுண்டு. நாள்தோறும் தன் பெயரையே மறைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக் குழந்தையைத் தூக்கிச் சீராட்டும் ஒரு தாயின் நிலையை எண்ணிப் பாருங்கள். கூலி கிடைக்கிறது, ஆனால் பெயரைக் கொடுத்தல்லவா அந்தக் கூலியை வாங்க வேண்டியிருக்கிறது?

மூன்றாவது நியாயம், சில வேலைகளுக்கு மதமே தகுதி என்பது. இதை நான் முழுதும் ஏற்கிறேன். கோயில் அர்ச்சகர், பள்ளிவாசல் இமாம், தேவாலயப் பாதிரியார், மதபோதனை செய்யும் ஆசிரியர் ஆகியோரை அம்மதத்தாரினின்றே தேர்ந்தெடுப்பது இயல்பு. நான் கூறிய 111-ஆம் உடன்படிக்கையும், வேலையின் உள்ளியல்பே வேண்டும் தகுதியைப் பாகுபாடு என்று கொள்வதில்லை. நம் அரசியல் சட்டத்தின் 16-ஆம் பிரிவிலேயே ஐந்தாம் உட்பிரிவு, மத நிறுவனத்தின் நிர்வாகத்தைச் சார்ந்த பதவிக்கு அம்மதத்தார் வேண்டும் என்று விதிக்க இடந்தருகிறது. அந்த எல்லைக்குள்ளும் பிறப்பு வேறு, சமயம் வேறு என்று நீதிமன்றங்கள் பிரித்துக் காட்டியுள்ளன. கேரளத்துச் சிவன் கோயிலொன்றில் பிராமணர் அல்லாதார் ஒருவர் அர்ச்சகராக நியமிக்கப்பட்டதை எதிர்த்த வழக்கில், பயிற்சியும் தகுதியும் இருந்தால் போதும் என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் தீர்ப்பளித்தது.

சிக்கல் கருவறையில் இல்லை. கருவறைக்கு வெளியே எத்தனை தூரம் இந்த விலக்கு நீளலாம் என்பதில் இருக்கிறது. சென்னைக் கொளத்தூரில் மயிலைக் கபாலீசுவரர் கோயிலின் சார்பில் கலை அறிவியல் கல்லூரி ஒன்று 2021-இல் தொடங்கப்பட்டது. உதவிப் பேராசிரியர் முதல் அலுவலக உதவியாளர் வரையில் இந்துக்களே விண்ணப்பிக்கலாம் என்று விளம்பரம் வந்தது. முஸ்லிம் ஒருவர் வழக்குத் தொடுத்தார். அறநிலையச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு, அச்சட்டத்தின் நோக்கங்களுக்காக அமர்த்தப்படுவோர் இந்துக்களாயிருக்க வேண்டும் என்கிறது. கல்லூரியோ கோயில் நிறுவியது. ஆகவே அது செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 நவம்பரில் வழக்கைத் தள்ளியது. தீர்ப்புச் சட்டத்தின் சொற்களைப் பின்பற்றியது. அதற்கு மேல் நீதிபதியைக் குறை கூறுதல் முறையன்று. எனினும் குடிமகன் என்ற முறையில் என் கருத்தைக் கூறலாமல்லவா? ஐந்தொகை போடக் கற்பிப்பவர் திருநீறு அணிந்தால் கணக்கு ஒரு விதமாகவும், அணியாவிட்டால் வேறு விதமாகவும் வருவதில்லை. கோயிலின் பொருள் கோயிலடியார்க்கே என்பார் கூற்றில் உருக்கம் உண்டு. ஆனால் கல்விக்கூடம் என்று பெயரிட்டுப் பல்கலைக் கழகத்தின் பட்டத்தை வழங்கத் தொடங்கியபின் அது ஊர்ப்பொதுக் கிணறு ஆகிவிடுகிறது என்பது என் துணிபு.

இப்படிச் சொல்லும்போதே மறுபக்கத் தட்டிலும் அதே படிக்கல்லை வைக்க வேண்டும். சிறுபான்மையோர் கல்விக்கூடங்கள் 30-ஆம் பிரிவின் காப்பில் நிற்கின்றன. தம் கல்லூரி முதல்வரைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமை அவற்றுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் கேரளத்து வழக்கொன்றில் கூறியது. 2020-இல் மேற்கு வங்க மதரசாக்கள் பற்றிய வழக்கில், அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு ஆசிரியரை ஆணையம் ஒன்று தேர்ந்தெடுத்துப் பரிந்துரைக்கும் சட்டம் செல்லும் என்றும் அதே நீதிமன்றம் கூறிற்று. சிறுபான்மையோர் தம் பண்பாட்டைக் காக்க வேண்டும் என்பது பெரிய நோக்கம். அந்நோக்கத்தை முதல்வர் நாற்காலி தாங்கும். ஆய்வுக்கூடத்தில் குடுவை கழுவுபவன் எந்தக் கோயிலுக்குப் போகிறான் என்பதை அது தாங்க வேண்டுவதில்லை. கிறித்தவக் கல்லூரிகளில் இந்து ஆசிரியர் நூறாண்டுக்கு மேலாகத் தொண்டாற்றியதால் அக்கல்லூரிகளின் சமயம் குன்றிவிட்டதாக எவரும் கூறியதில்லை.

இனி, அரசாங்கமே மதத்தைப் பார்த்து ஆள் எடுத்த வரலாறு ஒன்றும் உண்டு. அது நம் தமிழகத்தின் வரலாறு. பழைய சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி உத்தரவை முதியோர் அறிவர். அதன்படி 1920-களின் இறுதியில் பன்னிரண்டு இடங்கள் காலியானால், பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்க்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியரும் கிறித்தவரும் ஆகியோர்க்கு 2, தாழ்த்தப்பட்டோர்க்கு 1 என்பது முறை. சுதந்திரத்திற்குப் பின்னும் அம்முறை தொடர்ந்தது. 83 ஜில்லா முன்சீப் பதவிகளுக்கு ஆள் எடுத்தபோது, ஹரிஜனங்களுக்கு 19, முஸ்லிம்களுக்கு 5, கிறித்தவர்க்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 10, பிராமணரல்லாத இந்துக்களுக்கு 32, பிராமணர்க்கு 11 என்று பிரித்தனர். இதை எதிர்த்து எழுந்த வெங்கடரமணா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1951 ஏப்ரல் 9-இல், ஹரிஜனங்களுக்கும் பிற்பட்டோர்க்கும் ஒதுக்கியது செல்லும், ஏனைய பங்கீடு மதமும் சாதியும் மட்டுமே பார்த்துச் செய்ததாகையால் செல்லாது என்று தீர்ப்பளித்தது.

அந்த உத்தரவு ஒரு கூட்டத்தாரிடம் குவிந்திருந்த உத்தியோகங்களைப் பலர்க்கும் திறந்துவிட எழுந்தது. வைர வியாபாரியின் கடிதம் ஒருவனை வெளியே நிறுத்த எழுந்தது. இரண்டிலும் மதம் பார்க்கப்பட்டது என்பதற்காக இரண்டையும் ஒன்றென்பது, வைத்தியன் கத்தியையும் வழிப்பறிக்காரன் கத்தியையும் ஒரே பெட்டியில் வைப்பதாகும். இட ஒதுக்கீட்டில் மதத்தின் இடம் யாது என்பது தனிப் பெரும் பொருள். தலித் ஒருவர் கிறித்தவத்திற்கோ இஸ்லாத்திற்கோ மாறினால் 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியலினச் சலுகையை இழக்கிறார் என்ற வழக்கும் அதில் அடங்கும். சீக்கியரை 1956-இலும் பௌத்தரை 1990-இலும் சேர்த்த அந்த ஆணை, மற்றோர் திறத்தில் இன்னும் விவாதத்திலேயே இருக்கிறது. அதற்கு அடுத்த ஆண்டு விழாவில் வேறொருவரை அழையுங்கள்.

நான் இன்று வற்புறுத்துவது வேறு. எண்ணிப் பாராமல் எதுவும் தெரியாது. நீதிபதி சச்சார் குழு 2006-இல் எண்ணிப் பார்த்தது. மக்கள்தொகையில் 13.4 சதவீதமாயிருந்த முஸ்லிம்கள் ஐ.ஏ.எஸ். பதவிகளில் 3 சதவீதமும், ரயில்வேயில் 4.5 சதவீதமும் இருந்தனர். மதபேதம் கூடாது என்று எழுதப்பட்ட அரசாங்க உத்தியோகத்திலேயே நிலை இதுவானால், எழுதப்படாத தனியார் துறையில் எவ்வாறிருக்கும்? குறைவுக்குக் காரணம் ஓரவஞ்சனை ஒன்றே என்று நான் சொல்லவில்லை. கல்விக் குறைவும் உண்டு, விண்ணப்பியாமையும் உண்டு. எது எவ்வளவு என்று பிரித்தறியவாவது கணக்கு வேண்டும். சமவாய்ப்பு ஆணையம் ஒன்று அமைக்க அக்குழு கூறியது. அறிஞர் மாதவ மேனன் தலைமையிலான குழு 2008-இல் அதற்கு உருவமும் வகுத்துத் தந்தது. சட்டம் மட்டும் வரவில்லை.

வட அயர்லாந்து என்னும் சிறு நாட்டில் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டினரும் ஒரே நிறத்தார், ஒரே மொழியார். ஆனாலும் பெயரைக் கேட்டும் படித்த பள்ளியைக் கேட்டும் மதத்தை அறிந்து வேலை மறுப்பது அங்கே வழக்கமாயிருந்தது. 1976-இல் தடைச்சட்டம் வந்தது, வெறுந்தடை போதவில்லை. 1989-இல் வந்த சட்டம், நிறுவனங்கள் தம் தொழிலாளருள் எம்மதத்தார் எத்தனை பேர் என்று ஆண்டுதோறும் கணக்குக் கொடுக்க வேண்டும் என்றது. மதம் கேட்கும் தாளைத் தேர்வு செய்வோர் காணாமல் தனியே வைப்பது அங்குள்ள முறை. கேட்பதும் உண்டு, பார்க்காமலிருப்பதும் உண்டு! நான் படிவத்தைப் பற்றிக் கூறியதை நினைவிற் கொள்ளுங்கள்.

இப்போது நம்மிடம் வருகிறேன். 1960-களின் நடுவில் இந்நகரத்தின் 'மார்மிக்' என்னும் மராத்தி வார இதழ், பெரிய கம்பெனிகளில் இருந்த தென்னிந்திய அதிகாரிகளின் பெயர்களைப் பட்டியல் பட்டியலாக வெளியிட்டது. மதம் அன்று, ஊர்தான் அங்கே குற்றம். ஆனால் ஒருவன் என்ன வேலை அறிவான் என்பதை விட்டு அவன் பெயரின் ஈற்றெழுத்தைப் பார்த்தது அதே பார்வைதான். நம்மில் முதியோர் சிலர் அந்நாளில் பெயர்ப்பலகையைக் கழற்றி வைத்ததுண்டு. உள்ளூராருக்கே தனியார் வேலை என்று ஹரியானா இயற்றிய சட்டத்தைப் பஞ்சாப், ஹரியானா உயர் நீதிமன்றம் 2023-இல் செல்லாது என்றபோது, பிழைப்புத் தேடி வெளியூர் போனவர் எத்தனை லட்சம் பேர் ஆறுதல் அடைந்திருப்பர்! பெயரைக் கண்டு ஒதுக்குதல் தீது என்று நாம் நமக்காகச் சொல்லும் வாயால், மற்றவர்க்காகவும் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

நம் சங்கமோ வேலை தேடி வரும் தமிழிளைஞர்க்கு உதவும் சங்கம். சுற்றத்தைத் தழுவுவது குற்றமா என்று நீங்கள் கேட்பது என் செவியில் விழுகிறது. வள்ளுவர் சுற்றந்தழாலுக்கு ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். ஆயின் அதற்கு முன்னே தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்று இரண்டு அதிகாரங்களை வைத்துவிட்டார். ஆளை ஆராய்ந்து வேலை கொடுப்பது முதலில். உறவைப் பேணுவது அடுத்து. அறிவில்லாதானை அன்பு காரணமாகத் தேறுவதையும் அங்கேயே கண்டிக்கிறார். நல்ல குடிப்பிறப்பையும் ஒரு தகுதியாகச் சொல்கிறாரே என்று புலவர் நண்பர் என்னைப் பார்ப்பது தெரிகிறது. உண்மைதான். ஆனால் பழிக்கு நாணுவதையும் அங்கேயே சேர்த்துச் சொல்லிவிட்டார். அக்குடி எந்தச் சமயத்ததாயிருக்க வேண்டும் என்று யாண்டும் சொல்லவில்லை.

வந்திறங்கிய இளைஞனுக்குத் தங்க இடம் தருவதும், எங்கே வேலை காலி என்று சொல்லுவதும், விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதும் உதவி. கம்பெனியில் ஆள் எடுக்கும் நாற்காலியில் நாமே அமர்ந்துகொண்டு பிறனைத் தள்ளி நம்மவனை ஏற்றுவது உதவியன்று; அது பிறன் பங்கை எடுத்துத் தானம் செய்வது. இந்தப் பிரிவு செயலில் எப்போதும் எளிதன்று என்பதை ஆள் எடுக்கும் தொழிலில் இருந்தவன் அறிவேன். இரண்டு பேர் சரிசமமாக நிற்கும்போது கை தானாகவே தெரிந்த பெயரின்மேல் போய் விழுகிறது. ஆகையால்தான், முதற்சுற்றிலாவது பெயரை மறைத்துத் தகுதித்தாளைப் படிக்க வேண்டும் என்றும், தேர்வுக்குழுவில் ஒரே சமூகத்தார் மட்டும் அமரலாகாது என்றும், ஒதுக்கியவனை ஒதுக்கிய காரணத்தை ஒரு வரியேனும் எழுதிவைக்க வேண்டும் என்றும் நான் கூறுவது. 'நம் சூழலுக்குப் பொருந்தமாட்டார்' என்பது காரணமாகாது. அந்தச் சொல்லுக்குள் எதையும் ஒளித்து வைக்கலாம்.

முடிக்குமுன் செயற்குழுவினர்க்கு ஒரு விண்ணப்பம். நம் சங்க அலுவலகத்தில் வேலைவாய்ப்புப் பதிவேடு ஒன்று இருக்கிறது. அதில் பெயர், வயது, படிப்பு என்பவற்றுக்குப் பின் மதம், உட்பிரிவு என்று இரண்டு பத்திகள் அச்சாகியிருக்கின்றன. யார் எப்போது சேர்த்தனர் என்று தெரியவில்லை. அடுத்த முறை அச்சிடும்போது அவற்றை நீக்கி, அறிந்த மொழிகள், ஓட்டத் தெரிந்த இயந்திரங்கள் என்று இரண்டு பத்திகளைச் சேர்க்கலாம். ஆள் வேண்டும் என்று நம் அறிவிப்புப் பலகையில் எழுத வருவோரிடமும் பக்குவமாகச் சொல்லலாம். சமையலுக்கு ஆள் தேடும் அம்மையார் 'சைவச் சமையல் நன்கறிந்தவர்' என்று எழுதட்டும். அது கைப்பழக்கம், யாரும் கற்கலாம். 'இன்ன மதத்தவர் மட்டும்' என்று எழுதி வருவாராயின் அச்சீட்டைப் பலகையில் ஒட்டாமல் திருப்பித் தரும் அதிகாரத்தைச் செயலாளர்க்கு இன்றே ஒரு தீர்மானத்தால் அளித்துவிடலாம். பொதுக்குழு கூடியிருக்கிறது, முன்மொழிய நான் இருக்கிறேன், வழிமொழிய ஒருவர் எழுந்தால் போதும்.

தலைவர் மணியின்மேல் கை வைத்துவிட்டார்.